தலைப்பை மட்டும் மாற்றினால் போதுமாம்

பேப்பர் கப்புகளை அடுக்கிக் கோபுரம் கட்டச் சொன்னார்கள். நான் பிஎச்டிக்கு விண்ணப்பித்த கதை அங்கேதான் தொடங்குகிறது.

திருவனந்தபுரத்தில் குளிரூட்டிய ஒரு ஹாலில் தலைமையாசிரியர்களுக்குத் தலைமைப் பண்புப் பயிற்சி நடந்தது. நான் தலைமையாசிரியை இல்லை. 'சார்ஜ்.' எங்கள் பள்ளியின் தலைமையாசிரியர் ஓய்வு பெற்றுப் போனபிறகு அந்த நாற்காலிக்கு யாரையும் போடவில்லை. இருப்பவர்களில் மூத்தவள் என்று சாவிக்கொத்து என் கைக்கு வந்தது. மதியச் சாப்பாட்டுக்கு அரிசி வந்ததா என்று பார்ப்பது, கழிப்பறைக் குழாய் உடைந்தால் பிளம்பரைத் தேடுவது, கல்வி அலுவலகத்தின் அதட்டல்களை வாங்கிக்கொள்வது எல்லாம் நான்தான். கையெழுத்துக்குக் கீழே மட்டும் மறக்காமல் 'இன் சார்ஜ்' என்று எழுத வேண்டும். மறந்தால் தாள் திரும்பி வரும்.

பயிற்சியாளர் கோட்டு போட்ட இளைஞர். கன்னத்தோடு ஒட்டிய மைக். "யாருடைய கோபுரம் உயரமோ அவர்தான் லீடர்" என்றார். நாற்பதும் ஐம்பதும் தாண்டிய நாங்கள் மேசையைச் சுற்றி நின்று கப்பின் மேல் கப்பாக வைத்தோம். என் கோபுரம் இரண்டு முறை சரிந்தது. "டீச்சருக்குப் பொறுமை போதாது" என்று அவர் மைக்கிலேயே சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துத் தொலைத்தேன். வீட்டுக்கு வரும் வழியில் பஸ்ஸில்தான் கோபம் வந்தது. எனக்குக் கோபம் எப்போதும் கொஞ்சம் தாமதமாகத்தான் வரும், வந்தால் சீக்கிரம் போகாது.

ஏனென்றால் மறுநாள் நான் பிள்ளை பிடிக்கப் போக வேண்டியிருந்தது. வெளியாட்கள் காதில் விழுந்தால் போலீசைக் கூப்பிடுவார்கள், ஆனால் எங்கள் ஆசிரியர்கள் அப்படித்தான் சொல்வோம். சாலை என்று நாங்கள் சொல்லும் கடைத்தெருவுக்குப் பக்கத்திலுள்ள எங்கள் பள்ளியில் ஒரு பக்கம் மலையாள வழி, ஒரு பக்கம் தமிழ் வழி. ஜூனில் பள்ளி திறந்து ஆறாவது வேலைநாளில் தலை எண்ணுவார்கள். அந்த எண்ணிக்கையை வைத்துத்தான் அந்த ஆண்டுக்கு எத்தனை வகுப்பு, எத்தனை ஆசிரியர் என்று முடிவாகும். ஒரு பிள்ளை குறைந்தால் ஒரு வகுப்பு போகும், ஒரு ஆசிரியை வெளியே போவாள். அதனால் கோடை விடுமுறையில் ஊரெல்லாம் மாம்பழம் தின்னும்போது நாங்கள் குடை பிடித்துக்கொண்டு வீடு வீடாகப் போவோம்.

சாலையில் தானியக் கிடங்குகளுக்கு மேலேயுள்ள அறைகள், தம்பானூரில் ஓட்டல்களுக்குப் பின்னால் இருக்கும் ஒற்றை அறைகள். தென் மாவட்டங்களிலிருந்து வேலைக்கு வந்தவர்கள். ஒருமுறை ஓட்டலில் பாத்திரம் துலக்கும் ஒரு அம்மா ஈரக் கையோடு வாசலில் நின்று என்னைக் கேட்டாள்.

"தமிழ்ல படிச்சு என்ன டீச்சர் கெடைக்கப் போவுது? ரேஷன் கடையிலருந்து ஆஸ்பத்திரி வரைக்கும் மலையாளம்லா பேசுதாவ."

"மலையாளமும் படிப்பிப்போம். ஆனா பிள்ளைக்குக் கணக்கு புரியணும்லா? புரியாத பாஷையில பெருக்கல் சொல்லிக்குடுத்தா தலையத்தான் ஆட்டும்."

"மலையாளம் நெசமா படிப்பிப்பியளா? பேச்சு மாறப்பிடாது."

பேச்சு மாறக்கூடாது என்பதற்காக நான் என்ன பாடுபட்டேன் என்று எந்தப் பயிற்சியிலும் யாரும் கேட்டதில்லை. மலையாளப் பிரிவு டீச்சரை எங்கள் பக்கம் வரவைக்க, அவருடைய மதிய நேர வேலையை நான் எடுத்துக்கொண்டேன். அதற்குக் கால அட்டவணையை மாற்ற வேண்டும், அதற்கு மேலிடத்தில் அனுமதி வாங்க வேண்டும், 'சார்ஜ்' கேட்டால் அனுமதி தர மாட்டார்கள். ஆகவே அனுமதி கேட்காமலேயே செய்தேன்.

இன்னொரு விடுமுறையில் போனக்காடு வரை மலையேறிப் போனேன். அங்கே தேயிலை எஸ்டேட்டில் வேலை குறைந்து பல குடும்பங்கள் கீழே இறங்கிக்கொண்டிருப்பதாகக் கேள்விப்பட்டிருந்தேன். தொழிலாளர் குடியிருப்பான லயத்து வாசலில் ஒரு அப்பா எனக்குப் பால் விடாத கட்டன் சாயா கொடுத்துவிட்டு நான் சொன்னதையெல்லாம் கேட்டார். சத்துணவு, முட்டை, பால், புத்தகம், சீருடை எல்லாம் சொன்னேன்.

"அதெல்லாம் சரிங்க டீச்சர். நாங்க கீழ வந்து பிள்ளைய சேத்ததுக்கு அப்புறம் இந்தத் தமிழ்ப் பள்ளிக்கூடம் எவ்வளவு காலம் இருக்கும்? அதச் சொல்லுங்க" என்றார்.

இறங்கி வரும்போது முழுக்க அதையே யோசித்துக்கொண்டு வந்தேன். எவ்வளவு காலம் இருக்கும்? யார் தாங்கிப் பிடிப்பது? எங்களைப் போல எத்தனை பள்ளிகளில் எத்தனை 'சார்ஜ்'கள், பதவி இல்லாமல், அதிகாரம் இல்லாமல், வெயிலில் குடை பிடித்துக்கொண்டு ஒரு பள்ளியை இன்னொரு ஆண்டுக்கு நகர்த்துகிறார்கள்? இது தலைமை இல்லையென்றால் எதுதான் தலைமை? கப்பு அடுக்குவதா?

அதைத்தான் ஆராய வேண்டும் என்று முடிவு செய்தேன். கல்வித் தலைமைத்துவத்தில் பகுதிநேர பிஎச்டி. தலைப்பு: தமிழ்வழிப் பிரிவுகளில் பொறுப்புத் தலைமையாசிரியர்களின் தலைமை. ஸ்டாஃப் ரூமில் சொன்னதும் மலையாளப் பிரிவு சேச்சி ஒருவர் வாய்விட்டுச் சிரித்தார். "இனி எந்தினா டீச்சரே பிஎச்டி? ரிட்டயர் ஆகும்போழ் ஃப்ரேம் செய்து தூக்கானோ?" ஓய்வு பெறும்போது சட்டம் போட்டு மாட்டவா என்றார். அவர் கெட்டவர் இல்லை. என் விண்ணப்பத்தின் ஆங்கிலத்தை வரிவரியாகத் திருத்தித் தந்ததும் அவர்தான்.

நுழைவுத் தேர்வில் தேறினேன். அடுத்தது நேர்முகம். அங்கே குழுவுக்கு முன்னால் தலைப்பை விளக்க வேண்டும், அவர்கள் ஏற்றுக்கொண்டால் ஒரு நெறியாளர், அதாவது கைடு, எடுத்துக்கொள்வார். கல்வித் தலைமைத்துவத்தில் அந்த முறை ஒரே ஒரு பேராசிரியரிடம்தான் இடம் இருந்தது, அதுவும் ஒன்றே ஒன்று. அவர் என்னை எடுத்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை. அடுத்த இடம் எப்போது வரும் என்று அலுவலகத்தில் கேட்டதற்கு மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு கையை விரித்தார்கள்.

நேர்முகத்தன்று வராந்தாவில் காத்திருந்தேன். நல்ல புடவை, கையில் ஃபைல். தூணுக்கு அந்தப் பக்கம் ஒருவர் போனில் பேசிக்கொண்டிருந்தார்.

"முருங்கைக்கா சாலையில வாங்கிட்டு வாரேன். அவியலுக்குத்தானே, ரெண்டு போதும்லா? தேங்கா அங்க இருக்குல்லா, பொறவு என்னத்துக்குக் கெடந்து விளிக்கிய?"

எங்கள் வீட்டில் என் அப்பா பேசிய அதே நாஞ்சில் நாட்டுத் தமிழ். அவர் போனை வைத்துவிட்டு நேராக நேர்முக அறைக்குள் போனார். பியூனிடம் கேட்டேன். அவர்தான் அந்த ஒற்றை இடம் வைத்திருக்கும் பேராசிரியர். எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. உள்ளே நம் ஆள் இருக்கிறார், நான் சொல்வது ஒருவருக்காவது ஆதியிலிருந்து விளக்காமலே புரியும் என்று நினைத்தேன்.

எங்களூர்த் தமிழருக்கு ஒரு பழக்கம் உண்டு. அலுவலகப் படி ஏறியதும் தமிழ் தானாக அடங்கிவிடும். கவுண்டருக்கு இந்தப் பக்கம் ஒரு தமிழர், அந்தப் பக்கம் ஒரு தமிழர், இருவரும் மலையாளத்தில் பேசி வேலையை முடிப்பார்கள். பிறகு வெளியே டீக்கடையில் பார்த்து, "நீங்க எந்தப் பக்கம்?" என்று கேட்டுக்கொள்வார்கள். யாரும் கட்டாயப்படுத்தியதில்லை. மலையாளிகள் யாரும் எங்களைத் தமிழ் பேசாதே என்று அதட்டியதாக எனக்கு நினைவில்லை. நாங்களே அப்படிப் பழகிவிட்டோம். அதனால் அவர் உள்ளே என்னிடம் தமிழில் பேசுவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. எனக்காக ஒரு வார்த்தை பேசுவார் என்றுதான் எதிர்பார்த்தேன்.

உள்ளே நீள மேசை. நடுவில் குழுத் தலைவர், பக்கத்தில் நம் பேராசிரியர், இன்னும் இருவர். ஆங்கிலத்தில் விளக்கினேன். பிள்ளை பிடிக்கப் போவதைச் சொன்னேன், ஆறாவது வேலைநாளைச் சொன்னேன், மலைமேல் அந்த அப்பா கேட்ட கேள்வியைச் சொன்னேன். குழுத் தலைவர் நாகரிகமானவர், முழுவதும் கேட்டார். பிறகு சுவாரஸ்யமான விஷயம்தான், ஆனால் மிகச் சின்ன வட்டம் அல்லவா என்றார். இப்படிப்பட்ட பள்ளிகளுக்கு எதிர்காலத் தேவை இருக்கிறதா என்று பக்கத்திலிருப்பவரைப் பார்த்துக் கேட்டார்.

நம் பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மலையாளத்தில் சொன்னார். "இவிடத்தெ தமிழர்க்கு இப்போ இதொந்நும் வேண்டா சாறே. அவர் ஒக்கெ மலையாளத்திலேக்கு மாறிக்கழிஞ்ஞு."

இங்கேயுள்ள தமிழருக்கு இதெல்லாம் வேண்டாமாம், அவர்கள் எல்லோரும் மாறிவிட்டார்களாம். 'அவர்கள்' என்று சொன்னார். சற்று முன்னால் முருங்கைக்காய் பேசிய அதே வாய். எங்கோ அந்தமானில் இருப்பவர்களைப் பற்றிச் சொல்வதுபோல் சொன்னார்.

பிறகு என்னைப் பார்த்து, "டீச்சருடெ குட்டிகள் ஏது மீடியத்திலா படிச்சது?" என்று கேட்டார். என் பிள்ளைகள் எந்த வழியில் படித்தார்கள் என்ற அந்தக் கேள்விக்கு நான் திணறுவேன் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். தமிழ்வழியில் படிப்பிக்கும் டீச்சர்களின் பிள்ளைகள் பெரும்பாலும் ஆங்கிலப் பள்ளியில்தான் படிப்பார்கள். என் மகள் எங்கள் பள்ளியில்தான் படித்தாள். ஒரு வருடம் ஒரு தலை குறைந்தபோது, வேறு பள்ளியில் கிடைத்திருந்த இடத்தை விட்டுவிட்டு அவளைக் கொண்டுவந்து முதல் பெஞ்சில் உட்காரவைத்தேன். அதைச் சொன்னேன். தலைநிமிர்ந்துதான் சொன்னேன்.

மேசையில் ஒருவர் சிரித்துவிட்டார். "அப்போ ஸ்வந்தம் குட்டியெயும் எண்ணத்தில் சேர்த்து!" சொந்தப் பிள்ளையையும் கணக்கில் சேர்த்தாயிற்று! இன்னொருவர், இவருக்கு இதில் தனிப்பட்ட அக்கறை இருக்கிறது, அதனால் ஆய்வு நடுநிலையாக இருக்காது என்று குறித்துக்கொண்டார். என் பிள்ளையை வேறு பள்ளிக்கு அனுப்பியிருந்தால் நான் வேஷக்காரி. என் பள்ளியிலேயே சேர்த்தால் நடுநிலை தவறியவள். பிறகு எப்படித்தான் ஐயா இருக்க வேண்டும்? பிள்ளையே பெறாமல் இருந்திருக்க வேண்டுமா? இதை அங்கே கேட்டேனா என்றால், இல்லை. சொன்னேனே, எனக்குக் கோபம் தாமதமாகத்தான் வரும்.

முடிவை அங்கேயே சொன்னார்கள். தகுதியெல்லாம் சரியாக இருக்கிறது, சேர்த்துக்கொள்ளத் தயார், ஆனால் தலைப்பை மாற்ற வேண்டும். மேல்நிலைப் பள்ளி முதல்வர்களின் தலைமைப் பாணிகள், டிஜிட்டல் யுகத்தில். கேள்வித்தாள் அனுப்பினால் போதும், வெயிலில் அலைய வேண்டாம் என்று கரிசனமாகச் சொன்னார்கள். ஒரு வாரத்தில் எழுதித் தர வேண்டும்.

வராந்தாவுக்கு வந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன். அவர் பின்னாலேயே வந்தார். முகம் முழுக்கச் சிரிப்பு.

"நீங்க நம்ம ஆளுன்னு ஃபைலைப் பாத்த ஒடனே தெரிஞ்சு. ஒண்ணும் விசாரப்படாதீங்கோ டீச்சர். தலைப்ப மட்டும் மாத்திக் குடுங்கோ, நான் எடுத்துக்கிடுதேன். நானும் தமிழ் மீடியந்தான், கேட்டேளா? அஞ்சு வரைக்கும் இங்க சாலப் பக்கத்துலதான் படிச்சேன்."

சாலைப் பக்கத்தில் தமிழ்வழி என்றால் எங்கள் பள்ளிதான். அதை ஆறுதல் என்று நினைத்துச் சொன்னார். சத்தியமாக அப்படித்தான் நினைத்தார்.

"சார், இத உள்ள சொல்லியிருக்கலாம்லா?"

"உள்ள அது சரிப்படாது டீச்சரே. நான் ஒருத்தன்தானே அங்க தமிழு. வாயத் தொறந்தா நம்ம ஆளுக்காகப் பேசுதான்னு வரும். இத்தன வருஷம் அந்தப் பேரு வராமத்தான் இங்க இருக்கேன்."

அவர் சொன்னதில் நியாயம் துளிகூட இல்லை என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் எனக்காகப் பேச வேண்டாம், எதிராகப் பேசாமலாவது இருந்திருக்கலாமே? வாயை மூடிக்கொண்டு இருப்பதற்கு என்ன பெயர் வந்துவிடும்?

வீட்டில் விஷயத்தைச் சொன்னேன். கல்லூரியில் படிக்கும் என் மகள் தோசையைப் பிய்த்துக்கொண்டே கேட்டாள். "அப்போ ஞான் பயாஸ்டு டேட்டாவா அம்மா?" சிரித்துக்கொண்டுதான் கேட்டாள், எனக்குச் சுருக்கென்றது. பிறகு அவளே, "டைட்டில் தானே, மாத்திக் குடுத்துட்டு டாக்டர் ஆயிரு. நீ டாக்டர் ஆனா உன் பேச்சு நாலு பேரு கேப்பாங்கல்லே?" என்றாள். ஸ்டாஃப் ரூம் சேச்சியும் அதையே சொன்னார். ஒற்றை இடத்தை விடாதே, முதலில் உள்ளே போ, பிறகு பார்த்துக்கொள்ளலாம். நல்லெண்ணத்தோடு சொல்லும் யாரும் அதைத்தான் சொல்வார்கள்.

எழுதவும் உட்கார்ந்தேன். மேல்நிலைப் பள்ளி முதல்வர்களின் தலைமைப் பாணிகள். நான் ஒரு மேல்நிலைப் பள்ளி முதல்வரின் அறைக்குள் உட்கார்ந்துகூடப் பேசியதில்லை. அவர்களுடைய பாணி எனக்கு என்னத்துக்கு? எனக்குத் தெரிந்ததை எழுதாதே, தெரியாததை எழுதினால் பட்டம் தருகிறோம் என்கிறார்கள். பேனாவை வைத்துவிட்டேன். டாக்டர் என்று பெயருக்கு முன்னால் போட எனக்கு எவ்வளவு ஆசை என்று எனக்குத்தான் தெரியும். கையெழுத்துக்குக் கீழே 'இன் சார்ஜ்' என்று எழுதி எழுதி வந்த ஆசை அது.

கெடு முடியும் நாளில் அவருடைய அறைக்குப் போனேன். அவரிடம் ஆய்வு செய்யும் மாணவர்கள் மூன்று நான்கு பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள், எல்லோரும் மலையாளிகள். அவர் என்னைப் பார்த்ததும், "வரூ டீச்சரே, மாற்றியோ?" என்று மலையாளத்தில் வரவேற்றார். மாற்றிவிட்டீர்களா என்றுதான் கேட்டார்.

படி ஏறும்வரை நானும் மலையாளத்தில் பேசுவதாகத்தான் இருந்தேன். வாயைத் திறந்தால் தமிழ் வந்தது.

"இல்ல சார், மாத்தல. அந்தத் தலைப்புலயே எடுத்துக்கிட்டா எடுத்துக்கிடுங்க. நீங்களும் அங்க படிச்சவருதானே. அந்தப் பள்ளிக்கூடம் இருந்ததனாலதானே நீங்க இந்த நாற்காலியில இருக்கிய."

அவர் முகம் சிவந்தது. மலையாளத்திலேயே பதில் சொன்னார், குழுவின் முடிவை மாற்றத் தனக்கு அதிகாரமில்லை என்று. நான் தமிழிலேயே கேட்டேன், அதிகாரம் வேண்டாம், ஒரு வார்த்தை சொல்லலாமே என்று. அவர் மறுபடி மலையாளத்தில், அப்படியானால் இடம் அடுத்தவருக்குப் போகும் என்றார். இப்படி நாலைந்து முறை. அவர் ஒரு தடவைகூடத் தமிழுக்கு வரவில்லை. ஆனால் நான் சொன்ன ஒவ்வொன்றுக்கும் சரியாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்.

அவர் பக்கத்தில் இருந்த மாணவி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். ஐந்து வருடமாக அவரிடம் ஆய்வு செய்கிறவள் என்று பிறகு தெரிந்தது. ஆச்சரியம் தாங்காமல் கேட்டுவிட்டாள்.

"சாறினு தமிழ் அறியாமோ?" சாருக்குத் தமிழ் தெரியுமா என்கிறாள்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. மேசைமேல் இருந்த தாள்களை எடுத்து ஓரம் தட்டி அடுக்கினார்.

"கொறச்சு" என்றார். கொஞ்சம் தெரியுமாம்.

ஃபைலை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். இடம் வேறொருவருக்குப் போனது, அவர் மேல்நிலைப் பள்ளி முதல்வர்களுக்குக் கேள்வித்தாள் அனுப்பிக்கொண்டிருப்பதாகக் கேள்வி. நன்றாக இருக்கட்டும். அடுத்த அறிவிப்பு வந்ததும் நான் மறுபடி விண்ணப்பிக்கப் போகிறேன், அதே தலைப்பில், ஒரு எழுத்தும் மாற்றாமல். அந்த மேசையில் அவர் மறுபடியும் உட்கார்ந்திருந்தால், கேட்கிற கேள்விக்கெல்லாம் தமிழில்தான் பதில் சொல்லப் போகிறேன். மற்றவர்களுக்குப் புரியாவிட்டால், கொறச்சு தெரிந்தவர் பக்கத்திலேயே இருப்பாரே, அவர் எடுத்துச் சொல்லட்டும்.